சரணத்துக்கு முன் வந்த செய்தி

சேரின் பாட்டு வானொலியில் போகப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்துபோகத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 6.50 என்று சொல்லியிருந்தார்கள். நான் ஆறு மணிக்கே மட்டக்களப்புப் பக்கத்துக் களுதாவளைக்குப் போய்விட்டேன். விறாந்தையில் பாய் விரித்திருந்தது. சேரின் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வெற்றிலைத் தோட்டத்துக்காரர் தண்ணீர் இறைக்கிற மோட்டரை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார். யாரும் கேட்காமலே செய்த உதவி அது.

இது நடந்து 12 வருடம் இருக்கும். சேர் என்று நான் சொல்வது எனக்கு வயலின் சொல்லித்தந்த ஆசிரியரை. பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் கீர்த்தனை இயற்றுவார் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், ஊரைத் தாண்டினால் ஒருவருக்கும் தெரியாது. அன்று போக இருந்தது அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் மேல் அவர் செய்த ஒரு கீர்த்தனை. நாட்டைக்குறிஞ்சி ராகம், ஆதி தாளம். கல்லடியில் இசை படித்துப் பட்டம் பெற்ற ஒரு பிள்ளை பாடியிருந்தாள். முழுதாகப் பாடினால் ஒன்பது நிமிடம்.

அறிவிப்பாளர் பாடியவரின் பெயரைச் சொன்னார். வயலின், மிருதங்கம் வாசித்தவர்களின் பெயரையும் சொன்னார். இயற்றியவர் பெயர் வரவில்லை. சரி, பாட்டு முடிந்த பிறகு சொல்வார் என்று நினைத்தோம். பல்லவி போனது. அனுபல்லவி போனது. மறுபடி பல்லவிக்கு வந்து அவள் ஒரு சங்கதியைப் போட்டு நின்ற இடத்தில், பாட்டின் சத்தம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல மெல்ல மெல்லக் குறைந்தது. செய்தி நேரம். காலைச் செய்தி தொடங்கிவிட்டது.

விறாந்தையில் யாரும் பேசவில்லை. சேர்தான் முதலில் வாய் திறந்தார்.

"பாடின பிள்ளைட பேர் வந்திட்டுதே மனே, அது காணும்."

அது காணாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஏன் என்றால் கீர்த்தனையின் கடைசிப் பகுதி சரணம், அந்தச் சரணத்தின் கடைசி வரியில்தான் இயற்றியவர் யார் என்று காட்டுகிற அவருடைய முத்திரை இருக்கிறது. அவர் தன் பெயரை முத்திரையாக வைப்பதில்லை, தன் அம்மாவின் பெயரைத்தான் வைப்பார். அந்தச் சரணத்தில் மேலே ஏறித் தயங்கி இறங்குகிற ஒரு சுரப் பிடி வருகிறது. அது அம்மா பாடிய தாலாட்டிலிருந்து வந்தது என்று எங்களுக்குப் படிப்பிக்கும்போது சொல்லியிருக்கிறார். வெட்டுப்பட்டது அந்த இடம்.

கீர்த்தனையில் சரணம்தான் பெரும்பாலும் இயற்றியவர் தன் அடையாளத்தை வைத்துவிட்டுப் போகிற இடம். தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் குருகுஹ என்று வைத்தார். சியாமா சாஸ்திரி சியாமகிருஷ்ண என்று வைத்தார். பாட்டு வாய் மாறி வாய் மாறி எந்த ஊருக்குப் போனாலும் ஆளின் அடையாளம் அதோடு கூடவே போகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒலிப்பதிவுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் அது அவர்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தது. ஒலிபரப்புக் கருவி வந்த பிறகு, நான்கு நிமிடத்தில் பாட்டை முடிக்கிற பழக்கம் வந்த பிறகு, முதலில் போவதே சரணம்தான். அறிவிப்பாளரும் சொல்வதில்லை, பாட்டும் சொல்ல முடிவதில்லை. அப்படியானால் இயற்றியவர் எங்கே இருக்கிறார்?

இந்தக் கேள்வி எனக்குள் அன்று தொடங்கியது. வேறு நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று தேடித் தேடி வாசித்தேன். எங்களுக்கு மட்டும் நடக்கிற அநியாயம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

இங்கிலாந்தில் ஹவர்கல் பிரையன் என்று ஒருவர் இருந்தார். 1876இல் பிறந்தவர். ஸ்டாஃபர்ட்ஷயரில் மட்பாண்டம் செய்கிற ஊர்ப்பக்கம், உழைக்கிற குடும்பம். மேலைச் செவ்வியல் இசையில் சிம்பொனி, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கான நீண்ட இசை, எழுதுவதுதான் அவருடைய வாழ்க்கை. 1919இல் தொடங்கி 1927இல் முடித்த 'கோதிக்' என்ற சிம்பொனி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போகும். நூற்றுக்கணக்கான பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வேண்டும். எழுதி முடித்து 30 வருடத்துக்கு மேல் அதை யாரும் மேடையேற்றவில்லை. மற்ற சிம்பொனிகளும் அப்படியே பெட்டிக்குள் கிடந்தன. மனிதர் எழுதுவதை நிறுத்தவில்லை.

பி.பி.சி. வானொலியில் இசைத் தயாரிப்பாளராக ராபர்ட் சிம்ப்சன் வேலைக்கு வந்தார். அவரும் ஒரு இசையமைப்பாளர். பிரையனின் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துவிட்டு, இதை ஒலிபரப்பியே ஆக வேண்டும் என்று உள்ளே நின்று வாதாடினார். 1954 பெப்ரவரி 1ஆம் திகதி எட்டாவது சிம்பொனி ஒலிபரப்பானது. வாத்தியக் குழுவை நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். பிரையனுக்கு 78 வயது பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தான் எழுதிய ஒரு சிம்பொனியை அவர் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். 78 வயது வரைக்கும் கேளாத இசையை எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதர். ஆனால் என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஒலிபரப்புக்குப் பிறகு அவர் எழுதிய வேகம். மொத்தம் 32 சிம்பொனி எழுதினார், அதில் 21 அவருடைய 80 வயதுக்குப் பிறகு வந்தவை. 90 வயதைத் தாண்டியும் ஏழு எழுதினார். 1966இல் கோதிக் சிம்பொனியை பி.பி.சி. லண்டன் ரோயல் அல்பர்ட் மண்டபத்தில் நடத்தியபோது அவருக்கு 90 வயது. 1972இல் இறந்தார்.

ஒரு ஒலிபரப்பால் இத்தனையும் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன் இசை ஒருமுறை காற்றில் போய்த் திரும்பித் தன் காதுக்கே வந்து சேர்ந்தால் இயற்றுகிறவருக்குள் என்ன நடக்கும் என்பதைப் பிரையனின் கதை போல வேறொன்று எனக்குக் காட்டவில்லை. வானொலி என்றால் ஆட்களுக்குப் பாட்டுப் போடுகிற பெட்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாட்டு இயற்றுகிற ஆளை இயற்ற வைக்கிற வேலையையும் அது செய்கிறது.

அதே பி.பி.சி.தான் கதவை மூடவும் செய்தது. 1959 முதல் 1972 வரை அங்கே இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் குளொக் புதிய பரிசோதனை இசைக்குப் பெரிய இடம் கொடுத்தார். அது நல்ல காரியம்தான். ஆனால் பழைய சுர அமைப்பை விடாமல் எழுதிய பலர் அந்தக் காலத்தில் தங்களை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று சாகும்வரை வருந்தினார்கள். தடைப்பட்டியல் ஒன்று இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ரூத் கிப்ஸ் ஐந்து சிம்பொனி எழுதியவர். யாரும் கூப்பிடாதபோது தானே இசைக்குழு அமைத்து நடத்தினார். மின்னா கீல் 1929இல் படிப்பை விட்டுக் குடும்ப வியாபாரத்துக்குப் போனவர், அறுபதைத் தாண்டித் திரும்பவும் எழுதத் தொடங்கினார். 1989இல் அவருடைய சிம்பொனி லண்டன் புரொம்ஸ் இசை விழாவில் நடந்தபோது அவருக்கு வயது 80.

எங்கள் பக்கத்துக்கு இன்னும் கிட்ட வருகிற ஒரு கதையும் உண்டு. ஜோன் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக அவர் எழுதிய பெரிய இரங்கல் இசை 1923 முதல் 1926 வரை வருடா வருடம் லண்டனில் நடந்தது. பிறகு நின்றது. அடுத்த தடவை அது மேடைக்கு வந்தது 2007இல். அவர் 1935இல் இந்தியாவுக்குப் போய், டெல்லி வானொலியில் மேலை இசைப் பொறுப்பாளர் ஆனார். இந்திய வாத்தியங்களை வைத்துக் குழு அமைத்தார். 1939இல் கல்கத்தாவில் வாந்திபேதியில் இறந்துபோனார். ஆர்மோனியத்தில் எங்கள் சுருதி நுட்பங்கள் வராது என்று கடுமையாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. முப்பது வருடம்! கூத்துக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் அது பாட்டுக்கு அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வானொலி ஒதுக்கிய வாத்தியம் என்ற பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. எதைப் போடுவது என்று தீர்மானிக்கிற ஒரு மேசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இலங்கையிலும் அந்த மேசை இருந்தது. 1952இல் லக்னோவிலிருந்து இந்துஸ்தானி இசை அறிஞர் எஸ்.என்.ரத்தன்ஜங்கர் வரவழைக்கப்பட்டு இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரித்தார். அங்கே பார்க்கப்பட்டது பாடுகிற குரலும் வாசிக்கிற கையும். அதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கள் எல்லோருக்குள்ளும் ஊறிவிட்டது. யார் பாடினார் என்று கேட்கிறோம். யார் செய்த பாட்டு என்று கேட்பதில்லை.

மயிலாப்பூர் கற்பகாம்பாள் மேல் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'கற்பகவல்லி நின் பொற்பதங்கள் பிடித்தேன்' பாட்டைக் கேளாத தமிழ்க் காது குறைவு. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்து இணுவிலைச் சேர்ந்த ந. வீரமணி ஐயர். எங்கள் மாவட்டத்தில் கோயில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுப் போகாத வெள்ளிக்கிழமை இல்லை. எழுதியவர் இந்த நாட்டுக்காரர் என்று நான் சொல்லும்போது சங்கீதம் படிக்கிற பிள்ளைகளே ஆச்சரியப்படுகிறார்கள்.

வானொலியால் முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது. 1970களில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஈழத்து மெல்லிசைக்கு இடம் கொடுத்தது. ஆர்.முத்துசாமி இசையமைத்தார், எம்.ஏ.குலசீலநாதன் பாடினார், இன்னும் பலர் வந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் முணுமுணுப்பார். திரும்பத் திரும்பப் போட்டார்கள், அதனால் மனதில் நின்றது. செவ்வியல் இசைக்கு அந்த அளவு இடம் வேண்டாம், அதில் பத்தில் ஒன்று கிடைத்திருந்தாலே போதும்.

புதிய கீர்த்தனை ஒன்று முதல் தடவையிலேயே மனதில் ஒட்டாது. தியாகராஜர் கீர்த்தனையே எனக்கு முதல் தடவை ஒட்டவில்லை. எத்தனையோ தடவை கேட்ட பிறகுதான் உள்ளே போனது. கச்சேரியில் புதுசு ஒன்றைப் பாடினால் அது அன்றோடு முடிந்தது. அடுத்த கச்சேரியில் சபை கேட்பது பழைய பாட்டைத்தான். ஒரே பாட்டை இந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் நூறு வீட்டுக்குள் கொண்டுபோய் விடக்கூடியது வானொலி மட்டும்தான். இப்போது தொலைபேசியில் எல்லாம் கிடைக்கிறது என்பார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் தேடினால்தான் கிடைக்கும், பெயர் தெரியாதவரை யார் தேடுவார்? வயல் வரம்பில் சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டு வேலை செய்கிற மனிதருக்கு, தான் தேடாத ஒன்று தானாக வந்து காதில் விழுகிறது. அந்த விழுகை வேறு.

நான் ஒருமுறை சேர் இயற்றிய நான்கு பாட்டுகளை, நாங்கள் உருப்படி என்போம், தட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு வேறொரு வானொலிக்குப் போனேன். எந்த வானொலி என்பது முக்கியமில்லை. அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "பழைய ஆக்கள்ட பாட்டே கனக்கக் கிடக்குதண்ணே, புதுசு எதுக்கு?" என்று கேட்டார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. பழைய ஆட்களும் ஒரு காலத்தில் புது ஆட்களாக இருந்தவர்கள் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு தட்டை வாங்கி வைத்தார். ஒரு நாளும் போகவில்லை.

ஒலிபரப்பினால் கிடைக்கிற இன்னொரு பயனை நாங்கள் 2004 டிசம்பர் 26ஆம் திகதிதான் அறிந்தோம். சேர் அப்போது கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட இருந்தார். மூன்று தடித்த சீ.ஆர். கொப்பி நிறையத் தன் பாட்டுகளின் சுரம் எழுதி வைத்திருந்தார். கடல் வந்தது. அவரும் மனைவியும் உயிர் தப்பியது தெய்வாதீனம். அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படி இல்லை, ஆகவே கொப்பியைப் பற்றிப் பேசவே அவருக்கு வெட்கமாக இருந்தது. பல மாதம் கழித்து, களுதாவளையில் தம்பி வீட்டில் இருந்தபோதுதான், "மனே, அந்த ரஞ்சனி வர்ணம் உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பாதி ஞாபகம் இருந்தது. மீதி வேறொரு அக்காவிடம் இருந்தது. அப்படி ஒவ்வொருவரிடமாகப் போய், ஞாபகத்தில் இருந்ததைப் பொறுக்கி எடுத்து 31 உருப்படி மீட்டோம். மற்றவை போய்விட்டன. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் கேட்ட உடுக்கின் நடையை வைத்து வயலினுக்கும் மத்தளத்துக்கும் அவர் எழுதிய ஒரு நீண்ட உருப்படி இருந்தது. வடமோடிக் கூத்தின் தாளக்கட்டும் அதில் வரும். நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதன் ஒரு வரி கூட இன்று யாரிடமும் இல்லை. எந்த நிலையத்திலாவது ஒரே ஒரு நாள் அது பதியப்பட்டிருந்தால் ஏதாவது ஒரு அலுமாரியில் இருந்திருக்கும்.

இது ஏதோ இசை இல்லாத மண்ணின் கதை இல்லை. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் படித்த மூளையை வைத்து, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் வரிகளிலிருந்து பழந்தமிழ் யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டார். யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் இறந்துபோனார். அவர் பெயரில் கல்லடியில் 1982இல் தொடங்கிய இசை நடனக் கல்லூரிதான் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கற்கை நிறுவகம். வருடா வருடம் அங்கிருந்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அதே மண்ணில்தான் பேராசிரியர் சி.மௌனகுரு இன்னியம் என்ற வாத்தியக் குழுவை உருவாக்கினார். பறையும் மத்தளமும் உடுக்கும் சேர்ந்து நடந்து வருகிற அந்த ஒலியை நேரில் கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். நேரில் கேட்டவர்களுக்குத்தான். வானொலியில் அதைக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைப் பற்றி இங்கே பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் கேட்டுவிட்டு எழுதி வைத்தார். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே இருந்த அமெரிக்க யேசு சபைப் பாதிரியார் ஒருவர் பூரணை இரவில் அந்த ஒலியைப் பதிந்தார், அது இலங்கை வானொலியிலும் போனது. ஒரு துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிற பொறுமை ஒருவருக்கு இருந்ததால்தான் அந்த ஒலி நாட்டுக்கே கேட்டது. கல்லடிப் பாலத்தில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பாதிரியாரை நன்றியோடு நினைக்கிறேன். அப்படி ஒருவர் எங்கள் விறாந்தைகளுக்கும் வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

கிழமைக்குப் பதினைந்து நிமிடம். உயிரோடு இருக்கிற ஒருவர் இயற்றிய ஒரு உருப்படி, சரணம் உட்பட முழுதாக. முன்னுக்கும் பின்னுக்கும் இயற்றியவர் பெயர். அடுத்த கிழமை அதே உருப்படி இன்னொரு தடவை. இதற்குப் பெரிய காசு வேண்டாம். கல்லடியில் பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உள்ளே ஒரு சிம்ப்சன் வேண்டும்.

சேருக்கு இப்போது 78 வயது. பிரையன் தன் சிம்பொனியை முதலில் கேட்ட அதே வயது. போன மாதம் நான் அவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்த மனிசன்ட மனிசி அப்ப உயிரோட இருந்தாவா?" என்று மட்டும் கேட்டார். இருந்திருப்பா என்று சொன்னேன்.

மாமாங்கேஸ்வரர் கீர்த்தனையைத் திரும்பவும் பதிகிறோம். இந்த முறை எல்லா நிலையத்துக்கும் அனுப்பப்போகிறோம். அன்று பாடிய பிள்ளை இப்போது ஒரு பாடசாலையில் சங்கீத டீச்சர். அவளே பாடுகிறாள். எங்கேயும் வெட்டுப்படாமல் இருக்க, சரணத்தை முதலில் பாடிவிட்டுப் பல்லவிக்குப் போனால் என்ன என்று அவள் கேட்டாள். நானும் அது நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். சேர் தலையை ஆட்டினார்.

"பல்லவி இல்லாம சரணம் எங்க போய் நிக்கும் மகள்? ஒழுங்காப் பாடு."

வருகிற ஞாயிறு காலை பதிவு. மின்விசிறியை நிறுத்த வேண்டும், சத்தம் வருகிறது. வெற்றிலைத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லியாயிற்று.